பத்து இருபது பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஊழியர் நலனும் சண்டையும்: காரைக்குடிப் பக்கம் புதிதாக ஆள் வைப்பவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் சுற்றுவட்டாரத்தில் புதிதாக ஆள் வைத்துத் தொழில் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பலகாரம் போடும் இடம், ஆத்தங்குடிக் கல் பட்டறை, பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவர்கள், ஜவுளிக்கடை என்று யாராக இருந்தாலும் சரி. நான் ஒரு பலகார நிறுவனத்தில் ஆட்களைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தபோது, ஊழியர் நலன் என்று தேடினால் கிடைத்ததெல்லாம் சென்னை, பெங்களூர் கம்பெனிகளுக்காக எழுதியவை. தியான வகுப்பு, பிறந்தநாள் கேக், வெள்ளிக்கிழமை விளையாட்டு. இங்கே காலை ஆறு மணிக்கு வந்து சீப்புச் சீடைக்கு மாவு பிசைகிற அக்காவிடம் தியானம் பற்றிப் பேசினால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். எது சட்டம், எது வழக்கம், எந்தத் தாள் எங்கே போக வேண்டும் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் சொந்தம், இல்லையென்றால் ஒரே தெரு. ஒருவரைச் சேர்த்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாத்தனாரும் சித்தி மகளும் வருவார்கள். ஆள் கிடைக்க இது வசதி. ஆனால் அடுப்படியில் மதியம் வந்த சண்டை சாயங்காலம் தெருவுக்குப் போய்விடும், தெருவில் ராத்திரி நடந்த சண்டை மறுநாள் காலை அடுப்படிக்கு வந்து நிற்கும். அதனால் எதைச் செய்தாலும் அது தாளில் இருக்க வேண்டும், சொந்தபந்தத்துக்கு வெளியே இருக்கிற ஒருவர் அதைப் பார்க்க வேண்டும், இத்தனை நாளுக்குள் முடியும் என்று கெடு இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

1. முதலில் தலையை எண்ணுங்கள்

எந்தச் சட்டம் உங்களைத் தொடும் என்பது ஆள் எண்ணிக்கையில் இருக்கிறது. 5 பேர் இருந்தாலே தொழிலாளர் நல நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி 31-க்குள். தலைக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. அதை வைத்து ஊழியர்களின் பிள்ளைகள் கல்வி உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாமல் போகிறது. 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), உள்ளகப் புகார் குழு (பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் குழு). 20 பேர் ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), குறைதீர்க் குழு (மற்ற வேலைக் குறைகளைக் கேட்கும் குழு).

இங்கேதான் முதல் பொறி. "ஒன்பது பேரை மட்டும் காட்டுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பேச்சைக் கேட்டால் பெயர் இல்லாத பத்தாவது ஆளுக்குக் கையில் எண்ணெய் கொட்டுகிற அன்றைக்கு மொத்தச் செலவும் உங்கள் தலையில் விழும், வழக்கு தனி. தற்காலிகமாக வருகிறவர், ஒப்பந்தக்காரர் அனுப்பியவர், பழகுவதற்கென்று வந்தவர் எல்லோரும் உள்ளகப் புகார் குழுவுக்கான கணக்கில் வருவார்கள். தீபாவளிக்கும் கல்யாண முகூர்த்த மாதங்களுக்கும் நமக்கு ஆள் கூடும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். இன்னொன்று, இ.எஸ்.ஐ.க்குள் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. பி.எஃப்.பும் அப்படித்தான்.

பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றுக்குப் பதிலாக மத்திய அரசு கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய சட்டப் பெயர்களும் படிவ எண்களும் போட்ட கோப்பை யாராவது கொடுத்தால் அப்படியே வாங்கி வைக்காதீர்கள். எந்தப் படிவம் என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு பிறகு நிரப்புங்கள்.

2. சேர்ந்த அன்றே கடிதம்

நியமனக் கடிதம் கொடுப்பது இப்போது கட்டாயம். ஒரு பக்கம் போதும், தமிழில் இருக்கட்டும். பெயர், என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம், வார விடுமுறை எந்தக் கிழமை, வேலையில் யார் சொல்வதைக் கேட்க வேண்டும், குறை இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும். கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிச் சண்டை "நீ யாரு என்னைச் சொல்றதுக்கு" என்று ஆரம்பிப்பதுதான். மூத்தவர் என்பதால் ஒருவர் அதட்டுவார், முதலில் சேர்ந்தவர் என்பதால் இன்னொருவர் அதட்டுவார், இரண்டு பேருக்கும் அந்த அதிகாரத்தை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அடுப்படிக்கு யார் பொறுப்பு, பொட்டலம் போடும் இடத்துக்கு யார் பொறுப்பு என்று பெயரோடு எழுதிவிடுங்கள்.

வாங்க வேண்டியவை: ஆதார் நகல், வங்கிப் புத்தக முதல் பக்க நகல், இரண்டு புகைப்படம், வாரிசு பெயர், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு கைபேசி எண். அந்த எண் கூடவே வேலை பார்க்கிற சொந்தக்காரருடையதாக இருக்க வேண்டாம். எப்போதும் நகல் மட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது ஆளை நிறுத்தி வைக்காது, மனக்கசப்பைத்தான் நிறுத்தி வைக்கும்.

வட மாநிலத்துத் தம்பிகள் இருந்தால் கடிதத்தை அவர்கள் மொழியில் படித்துக் காட்ட ஒருவரைப் பிடியுங்கள். அவர்களைக் கூட்டிவந்த மேஸ்திரியையே படிக்க விட வேண்டாம். தனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

3. சம்பளமும் முன்பணமும்

ஊழியர் நலன் என்று என்ன பெயர் வைத்தாலும் அது ஆரம்பிப்பது இங்கேதான். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். "அடுத்த மாசம் வந்து வாங்கிக்க" என்பது இப்போது சட்ட மீறல். கூடுதல் நேரம் பார்த்தால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

முன்பணம்தான் பெரிய தலைவலி. காதுகுத்து, பள்ளிக் கட்டணம், மாமியாருக்கு வைத்தியம் என்று கேட்பார்கள், கேட்பதில் தப்பில்லை, கொடுப்பதிலும் தப்பில்லை. ஆனால் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு இல்லை என்று சொன்னால் அன்றைக்கே பிரச்சினை. அதனால் ஒரு விதி எழுதுங்கள். எத்தனை மாதம் வேலை பார்த்திருந்தால் கொடுப்பது, உச்சவரம்பு எவ்வளவு (ஒரு மாதச் சம்பளம் என்று வைப்பது இரு தரப்புக்கும் தாங்கும்), எத்தனை தவணையில் பிடிப்பது. இரண்டு சின்ன நோட்டு: ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம், ஒவ்வொரு தவணைக்கும் இரண்டிலும் கையெழுத்து. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

முன்பணம் பாக்கி இருக்கிறது என்பதற்காக ஒருவரைப் போக விடாமல் வைப்பது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இன் கீழ் குற்றம். பட்டறைக்காரர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

4. இ.எஸ்.ஐ., பி.எஃப்.: எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும்

இரண்டுக்கும் பதிவு இணையத்தில், கட்டணம் கிடையாது. தணிக்கையாளர் அலுவலகத்தில் கேட்பது அவர்களுடைய கூலி, அரசுக் கட்டணம் என்று சொன்னால் ரசீது கேளுங்கள். நிறுவன பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், இடத்துக்கான வாடகை ஒப்பந்தம் அல்லது மின் கட்டண ரசீது, ஆட்கள் பட்டியல் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் வருவார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு நீங்கள் கட்டுவது 390, அவரிடம் பிடிப்பது 90. பி.எஃப். என்றால் இரு தரப்பும் 12 சதவீதம், அதே சம்பளத்துக்குத் தலா 1,440. இரண்டையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மிச்சத்தைப் படி என்று எழுதும் பழைய தந்திரத்துக்கு இப்போது இடமில்லை, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளமாகவே கணக்கில் வரும்.

"என் காசைப் பிடிச்சு என்ன பண்றீங்க" என்ற கேள்வி கட்டாயம் வரும். பிடிப்பதற்கு முன்னால் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் அவருக்கும் குடும்பத்துக்கும், பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம் வரை சம்பளத்தோடு விடுப்பு. உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. பலர் ஏமாறுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். பணம் சேர்ந்தவுடன் கிடைக்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்கு கட்டியிருந்தால், பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. இதைச் சொல்லாமல் விட்டால் முதல் காய்ச்சலிலேயே உங்களை ஏமாற்றுக்காரர் என்பார்கள். குடும்பத்தினர் பெயரைப் பதிவின்போதே சேர்த்துவிடுங்கள், பக்கத்தில் எந்த மருந்தகம் வசதி என்று அவர்களையே கேட்டுத் தேர்வு செய்யுங்கள்.

5. உடம்புக்கு வேண்டியது, விடுமுறைப் பட்டியல்

நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜவுளிக்கடைக்காரர்கள் இருக்கையை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, உட்கார்ந்தால் முறைப்பார்கள். அதற்கு வாங்காமலே இருந்திருக்கலாம்.

எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவருக்குச் சித்திரை வைகாசியில் என்ன சூடு என்று ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஒரே ஆளை நாள் முழுக்க அடுப்பில் நிறுத்தாமல் மாற்றி மாற்றி விடுங்கள். புகை போக்கி, மோர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கழிப்பறை. தாழ்ப்பாள் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் கழிப்பறை சரியில்லை என்றுதான் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிறார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

விடுமுறை விஷயத்தில் நம் ஊர் தனி. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சம்பளத்தோடு 9 நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு 5 பண்டிகை நாள். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. அந்த 5 நாள் எவை என்பதை முதலாளி தனியாக முடிவு செய்தால் வருடம் முழுக்க முணுமுணுப்பு ஓயாது. தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்கள் ஒரு நாளில் திரும்ப மாட்டார்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனியில் பால்குடம் எடுக்கிறவர்கள் காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம். கொப்புடையம்மன் திருவிழா வேறு. ஒடிசாத் தம்பிகளுக்கு ரஜ பண்டிகை, பீகார்த் தம்பிகளுக்குச் சட் பூஜை. டிசம்பரிலேயே எல்லோரையும் கூட்டி வைத்து வாக்கெடுத்து 5 நாளை முடிவு செய்யுங்கள். நடைப்பயணம், பால்குடம் போகிறவர்கள் பெயரைத் தனியாக எழுதி, அந்த வாரம் அவர்கள் வேலையை யார் பார்ப்பது என்று அப்போதே பேசிவிடுங்கள். போகிறவர் திரும்பி வந்து அடுத்தவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இது ஒன்றே வருடத்தில் வருகிற வாய்ச்சண்டையில் கணிசமானதைக் குறைக்கும்.

6. மனசு சரியில்லாதவரைக் கண்டால்

எப்போதும் முதலில் வருகிறவர் தாமதமாக வருகிறார், பேசுகிறவர் பேசுவதில்லை, கணக்கில் தடுமாறுகிறார், சாப்பாட்டை அப்படியே மூடி வைக்கிறார். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். "என்ன ஆச்சு, ஏன் இப்படி இருக்கே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் கதவு அடைத்துக்கொள்ளும். "அக்கா, கொஞ்ச நாளா அசதியா தெரியறீங்க, வேலையில நான் எதாவது மாத்தணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். குடும்ப விஷயத்தைத் தோண்ட வேண்டிய தேவை இல்லை. வேலையில் எதை மாற்றலாம் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

கேட்டதை யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக, கூடவே வேலை பார்க்கிற அவர் நாத்தனாரிடம். நல்லெண்ணத்தில்கூட வேண்டாம்.

டெலிமானஸ் 14416 என்ற எண் இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநலச் சேவை. அவருக்குப் பேசத் தயக்கம் என்றால் உங்கள் அறையில் தனியாக உட்கார்ந்து பேச அரை மணி நேரம் கொடுங்கள், சம்பளத்தில் பிடிக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு வார்த்தை வந்தால்கூட விளையாட்டுப் பேச்சு என்று விடாமல் அன்றைக்கே கூட ஒருவரை இருக்கச் செய்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கோவிலுக்குப் போய்வா, மந்திரித்துக்கொள், கயிறு கட்டு என்று சொல்வது உங்கள் வேலை இல்லை. அவர் போவது அவர் விருப்பம்.

கடன் பற்றியும் சொல்ல வேண்டும். குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர் வேலை இடத்து வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. அந்த அவமானம் ஒரு வாரம் ஆளை முடக்கிப்போடும். ஒரு பலகை வையுங்கள்: வேலை நேரத்தில் வசூலுக்கு அனுமதி இல்லை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் நுண்கடன் வாங்கியவரைத் தொலைபேசியில் அழைத்து நெருக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் எழுத உதவுங்கள்.

7. சண்டை வந்துவிட்டால்

முதலில் இரண்டு பேரையும் பிரித்துவிடுங்கள். ஒருவரைப் பொட்டலம் போடும் பக்கம், ஒருவரைச் சரக்கு அறைப் பக்கம். யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். முதலில் அனுப்பப்பட்டவர்தான் குற்றவாளி என்று தெரு முடிவு செய்துவிடும்.

அன்றைக்கே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, இப்போது என்ன மாறினால் சரியாகும். சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் பெருவிரல் ரேகை, பக்கத்தில் ஒரு சாட்சி. அந்தச் சாட்சி சொந்தக்காரராக இருக்கக் கூடாது. நடுவில் நின்றவர்கள் இரண்டு பேரையாவது கேளுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கும். ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். கைமுறுக்குச் சுற்றுகிற அக்காவும் அதை எடுத்துப் பொரிக்கிற அக்காவும் ஒருநாள் கரண்டியைத் தூக்குகிற அளவுக்குப் போனார்கள். "ஆச்சி, அவ வேணும்னே உடைக்கிறா." "நான் எதுக்கு உடைக்கிறேன், அவ சுத்துறது அப்படி." கேட்டால் பழைய பகை, கல்யாணத்தில் சீர் குறைந்தது, ஏதேதோ வந்தது. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கூலிக் கணக்கைப் பார்த்தால், சுற்றுகிறவருக்குக் கிலோ கணக்கில் கூலி, உடைந்தது அதில் கழிந்துவிடும். பொரிக்கிறவருக்கோ நாள் கூலி, உடைந்தால் நஷ்டமில்லை. உடைசலைச் சுற்றுகிறவர் கணக்கில் கழிப்பதை நிறுத்தி, சுற்றி முடித்துத் தட்டில் வைத்த எடைக்கே கூலி என்று மாற்றியதும் அந்தச் சண்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சீர் குறைந்த கதை அப்படியேதான் இருக்கிறது, அது நம் பாடு இல்லை.

மூன்று நாளுக்குள் இருவரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். அரை மணி நேரம், சரக்கு வராத நேரம். நடுவில் இருக்க இருவருக்கும் சொந்தமில்லாத ஒருவர், கணக்குப் பிள்ளையோ பக்கத்துக் கடை அண்ணனோ. "அவள் எப்பவும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் நிறுத்தி, அன்று நடந்ததை மட்டும் பேசச் சொல்லுங்கள். முடிவை நாலைந்து வரியில் எழுதுங்கள்: யார் என்ன செய்வார், எந்தத் தேதியிலிருந்து, மறுபடி வந்தால் என்ன. இரண்டு வாரம் கழித்துத் தேதி போட்டு மறுபடி பேசுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது பேச்சை விட்டுவிடுகிறார்கள், அடுத்த சண்டை அங்கிருந்துதான் முளைக்கும்.

இங்கே மூன்று பொறிகள். ஊர்ப் பெரியவரையோ சம்மந்தியையோ கூப்பிட்டு விசாரிப்பது முதலாவது. அவர் வந்தவுடன் வேலைச் சண்டை குடும்ப மானப் பிரச்சினையாகிவிடும். அடுத்தது "ரெண்டு பேரும் மன்னிப்புக் கேளுங்க" என்று இருவரையும் ஒரே தராசில் வைப்பது, தப்பே செய்யாதவருக்கு அது எரியும். மூன்றாவதாக, எல்லாவற்றையும் சமாதானப் பேச்சுக்குக் கொண்டுவருவது. கை நீட்டி அடித்தது, சாதிப் பெயர் சொல்லித் திட்டியது, தனி டம்ளர் வைத்தது, பாலியல் தொல்லை ஆகியவை சமாதானம் பேசும் விஷயங்களே இல்லை. சாதி வன்கொடுமைக்கு 1989-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பாதிக்கப்பட்டவர் காவல் நிலையம் போக விரும்பினால் வண்டி ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் உங்கள் பங்கு. "நம்ம கம்பெனி பேரு கெட்டுப்போகும்" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் நீங்கள் எந்தப் பக்கம் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

8. உள்ளகப் புகார் குழு

10 பேர் இருந்தால் கட்டாயம், பெண் ஒருவர்கூட வேலையில் இல்லை என்றாலும். வாடிக்கையாளராக வருகிற பெண்ணும் புகார் கொடுக்கலாம். வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இது. அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

தலைவர் உங்கள் நிறுவனத்தின் மூத்த பெண் ஊழியர். ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு உறுப்பினர், வெளியிலிருந்து ஒருவர். மொத்தத்தில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. முதலாளியின் மனைவியைத் தலைவராகப் போட்டுக் காகிதத்தை முடிப்பது நம் பக்கத்தில் சகஜம். அவர் சம்பளப் பட்டியலில் இல்லாதவர் என்றால் அது செல்லாது, இருந்தாலும் அவரிடம் யாரும் வந்து புகார் சொல்லப் போவதில்லை.

வெளி உறுப்பினர்தான் கிடைப்பது கஷ்டம். பெண்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தவர், அல்லது இந்த விஷயம் தெரிந்தவர். காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்றங்களில் தொழில் செய்யும் பெண் வழக்கறிஞர்கள், கல்லூரிகளில் இதே குழுவில் இருந்த பேராசிரியைகள் என்று கேட்டுப் பாருங்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும் கேட்கலாம். விதிப்படி அமர்வு நாள் ஒன்றுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய தொகை கேட்டு ஆண்டுத் தொகுப்பு விற்கிறவர்களிடம் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வைத்திருக்க வேண்டிய தாள்கள்: குழு அமைத்த ஆணை, உறுப்பினர்களின் சம்மதக் கடிதம், சுவரில் ஒட்டிய பெயர்ப் பட்டியல், பயிற்சி நடத்தியதற்கு வருகைப் பதிவு, ஆண்டறிக்கை நகல். ஆண்டறிக்கையைப் புகார் எதுவும் வராவிட்டாலும் மாவட்ட அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.

புகார் வந்தால் காலக்கெடு இப்படி. நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டலாம். எழுத முடியாதவர் என்றால் எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை. 7 வேலை நாளில் எதிர்த் தரப்புக்கு நகல், அவர் 10 வேலை நாளில் பதில். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும், முடிந்த 10 நாளில் அறிக்கை, அதன்மேல் 60 நாளுக்குள் முதலாளி நடவடிக்கை. விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவர் கேட்டால் வேறு பிரிவுக்கு மாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ குழு பரிந்துரைக்கலாம். பெயர் வெளியே போகக் கூடாது.

பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டம் ஏற்காது. அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும் சமரசம் பேசலாம், அதிலும் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது. புகார் முதலாளி மேலேயே என்றால், அல்லது 10 பேருக்குக் குறைவான இடம் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவுக்குப் போகலாம். இதைக் கூட்டத்தில் முதலாளியே தன் வாயால் சொல்ல வேண்டும், அப்போதுதான் மற்றது எதையும் நம்புவார்கள்.

9. 20 பேர் ஆனால் குறைதீர்க் குழு

இது தனி, மேலே சொன்னதோடு குழப்ப வேண்டாம். முதலாளி தரப்பும் ஊழியர் தரப்பும் சம எண்ணிக்கை, மொத்தம் 10 பேருக்கு மிகாமல். ஊழியர்களில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அதற்குக் குறையாமல் குழுவிலும். விண்ணப்பம் வந்த 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஒரே குடும்பத்தார் இரண்டு பேர் குழுவில் இருக்கக் கூடாது என்று நீங்களாக ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள், சட்டத்தில் இல்லை, நம் ஊருக்குத் தேவை.

10. ஒருவரை அனுப்பியே ஆக வேண்டும் என்றால்

"நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொல்லி அனுப்புவதுதான் பின்னால் வழக்காக வந்து நிற்கும். என்ன குற்றம் என்று தேதியோடு கடிதம், பதில் சொல்ல ஒரு வாரமாவது நேரம், சம்பந்தமில்லாத ஒருவரை வைத்து விசாரணை, அவருடைய சாட்சியையும் கேட்பது, பிறகுதான் முடிவு, அதுவும் எழுத்தில். கடிதத்தைக் கையில் வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி அஞ்சலகச் சீட்டைக் கோப்பில் வையுங்கள். கணக்கை இரண்டு வேலை நாளில் முடித்து, வேலை பார்த்த சான்றிதழும் கொடுத்துவிடுங்கள். அதை மறுப்பதால் உங்களுக்கு ஒரு காசு லாபம் கிடையாது, அவர் வேறு இடத்தில் சேர முடியாமல் இங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்.

11. சுவரில் ஒட்ட வேண்டிய எண்கள்

மனநலத்துக்கு 14416, பெண்கள் உதவிக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100, குழந்தைகளுக்கு 1098. கூடவே உள்ளகப் புகார் குழு உறுப்பினர்கள் பெயரும் எண்ணும். பெரிய எழுத்தில், தமிழிலும் இந்தியிலும். இடம் முக்கியம். முதலாளி அறை வாசலில் ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள், பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒன்றும், சாப்பிட்டுக் கைகழுவுகிற இடத்தில் ஒன்றும் ஒட்டுங்கள். எண்ணெய்ப் புகையில் மாதம் இரண்டில் மங்கிவிடும், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினால் தாங்கும்.